வாய் அகன்ற துளைகள்

அக்டோபர் 7, திங்கள்

பாலிடெக்னிக்கில் பயிற்சி நாட்குறிப்பு என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் இன்றைக்கு நான் எழுதியது: "மின்வேதியியல் துளையிடும் எந்திரத்தின் செயல்பாட்டைக் கவனித்தேன்." என் சொந்த நோட்டான இதில் எழுதுவது: அந்த எந்திரத்தின் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் "மாங்காய் ஊறுகாய், கை போடாதீர்" என்று சீட்டு ஒட்டினேன். அதற்கு முதலாளி சம்பத் சார் கையெழுத்துப் போடுவார். இதற்கு யாரும் போட வேண்டாம்.

தனபால் அண்ணன் சீட்டைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டினார். அந்த எந்திரம் அவர் பொறுப்பு. கரைசல் அவருடையது, கரைச்சல் என்னுடையது.

"என்ன மிசினுங்ண்ணா இது, சுத்தவே மாட்டீங்குது" என்று முதல் நாள் நான் கேட்டதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். சுற்றாதுதான். டிரில் பிட்டே கிடையாது. ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் மேலிருந்து இறங்கும், கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக. அதற்குள்ளே உப்புத்தண்ணீர் பாய்ந்து வரும். குழாய்க்கு எதிர்மின், கீழே இருக்கும் எஃகுக்கு நேர்மின். இரண்டும் தொடாது. தொடாமலே எஃகு கரைந்து துளை விழும். கெட்டிப்படுத்திய எஃகு அது. சாதா டிரில்லை வைத்தால் டிரில்தான் மழுங்கும். உப்புத்தண்ணீருக்கு மட்டும் வெல்லக்கட்டி.

"ரொம்ப வேகமா எறக்குனாக் கொழா போயி முட்டும். முட்டுனா வெடிதான்" என்றார். "மெதுவா எறக்குனா ஓட்டை பெருத்துப்போகும். தண்ணி சூடானாலும் பெருத்துப்போகும். உப்பு ஏறுனாலும் அப்பிடித்தான். எல்லாத்தையும் ஒருசேரப் புடிச்சு வெக்கோணும் அம்மிணி."

குழாயின் வெளிப்பக்கம் நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. அது இருந்தால்தான் மின்சாரம் நுனியில் மட்டும் எஃகைக் கரைக்கும், பக்கவாட்டில் கடிக்காது. நகப்பூச்சுப் போட்ட மாப்பிள்ளைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

துளை விழுந்ததும் அது நாசில், காற்றைப் பீச்சும் மூக்கு. காற்றால் நூலை ஓட்டும் தறிகளுக்குப் போகிறது. துளை நேராக இருந்தால்தான் காற்று நேராகப் போகும்.

என்னை இங்கே சேர்த்துவிட்டது அம்மா. இதே கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. "என்ற புள்ளைக்கு ட்ரெயினிங்கு வேணுமுங்" என்று சம்பத் சாரிடம் போய் நின்றாளாம். கம்பெனிக்குள் எல்லோரையும் போல நானும் "மயிலாக்கா" என்று கூப்பிட்டால் துடைப்பத்தைத் திருப்பிப் பிடிக்கிறாள்.

அக்டோபர் 9, புதன்

மல்டிமீட்டரில் ஒரு பொத்தானைத் திருகினால், மின்சாரம் போக வழியிருக்கும் இடத்தில் அது 'பீப்' என்று கத்தும். இரண்டு முனையையும் தனபால் அண்ணனின் இரண்டு காதிலும் வைத்தேன். கத்தவில்லை.

"உள்ள கனெக்‌ஷனே இல்லீங்ண்ணா."

எந்திரத்தைச் சுற்றி மூன்று முறை என்னைத் துரத்தினார்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை. கம்பெனி முழுக்க ஈரம். தனபால் அண்ணனைப் பொரி, கடலை, வாழைக்கன்று வாங்கச் சம்பத் சார் அனுப்பினார். வண்டியை எடுத்துக்கொண்டே அண்ணன் அம்மாவிடம் சொன்னார்:

"மயிலாக்கா, அந்த மேசை மேல கெடக்கறதை எல்லாம் பளபளன்னு தேச்சு வெச்சிருங்க. சாமிக்கு முன்னாடி வெக்கோணும்."

அம்மாவிடம் அப்படிச் சொல்லக் கூடாது. சலவைச் சோடா போட்ட வெந்நீரில் எல்லாவற்றையும் ஊறப்போட்டாள். ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி, பித்தளைக் குழாய்கள். அப்புறம் புளி, செங்கல் தூள், தேங்காய் நார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலேயே வந்து சேர்ந்த பூசணிக்காய்க்குத் தனபால் அண்ணன் மீசையை வரைந்துகொண்டிருந்தேன்.

"என்னென்ன பிசுக்கோ ஒட்டியிருக்குது. நகத்துல நெருடுனாத் தோலாட்ட உரிஞ்சு வருது பாரு" என்றாள் அம்மா.

"உரிங்க, உரிங்க" என்றேன். மீசையின் வலப்பக்கம் சரியாக வரவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. குழாய்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். தங்கக் கம்பி மாதிரி மின்னின. சம்பத் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மயிலாத்தா கை பட்டதும் மிசினே புதுசாயிருச்சு." ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம்.

பேருந்தில் அம்மா அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து, "என்ன சொன்னாரு சாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவள் காதால் கேட்டதுதான். மறுபடியும் சொன்னேன். குரலை மாற்றிச் சொன்னேன். சிரித்தாள்.

அக்டோபர் 14, திங்கள்

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து எந்திரத்தை ஓட்டினார்கள். நல்ல நாளில் குறை பார்க்கக் கூடாது என்று யாரும் அளக்கவில்லை. இன்றுதான் அளந்தார்கள்.

துளையை அளக்க ஓர் இரும்புக் குச்சி இருக்கிறது. ஒரு முனைக்குப் பெயர் 'கோ'. அது துளைக்குள் போக வேண்டும். மறுமுனை 'நோ-கோ', அது போகக் கூடாது. இன்று கோ போனது. நோ-கோவும் "நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்" என்று போனது.

முழுக்கப் போகவில்லை. பாதியில் நின்றது. துளை அடியில் சரியாக இருக்கிறது, மேலே வாய் அகன்றிருக்கிறது. குட்டி நாதஸ்வரம்.

"ஓட்டை வாய்ங்கறது இதுதானுங்ளாண்ணா?" என்றேன். தனபால் அண்ணன் சிரித்தார். அடுத்ததை அளந்தார். அடுத்ததையும். அப்புறம் சிரிக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

சம்பத் சார் என்னைக் கூப்பிட்டார்.

"தொட்டியில எதையாச்சும் கொட்டுனயா?"

"இல்லீங் சார்."

"குங்குமம், சந்தனம், கலர் பொடி?"

"இல்லீங்."

"சத்தியமாவா?"

"சத்தியமாங் சார்."

"நெசமாச் சொல்லு."

சொன்னேன். நம்பவில்லை. தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதிதாக உப்பைக் கரைத்தார்கள். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று மிதவைக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. துளை மட்டும் அதே நாதஸ்வரம்.

ஊரில் யார் வீட்டில் என்ன உடைந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். பழகியதுதான். ஆனால் நான் இல்லை என்று சொன்னால் யாருமே நம்பாதது இவ்வளவு நாளாகக் கண்ணில் படவில்லை.

அக்டோபர் 16, புதன்

"ஒரே நேரத்துல நாலைத் திருகுனா எதனாலன்னு தெரியாது. ஒருக்காவுக்கு ஒண்ணுதான் மாத்தோணும்" என்று சம்பத் சார் சொல்லிவிட்டார். இன்றைக்கு வோல்டேஜைக் குறைத்தார்கள். வாய் கொஞ்சம் சிறுத்தது. கூடவே குழாய் இறங்கும் வேகத்துக்கு எஃகு கரையாமல், குழாய் அதில் போய் முட்டி, நீலமாக ஒரு பொறி. பழையபடி ஏற்றினார்கள். பழையபடி வாய்.

அக்டோபர் 17, வியாழன்

தண்ணீர் சூடு. சரியாக இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

வடிகட்டி. கழற்றிப் பார்த்தால் துருச் சேறு, கேழ்வரகுக் களி மாதிரி. கரைந்த எஃகெல்லாம் அப்படித்தான் ஆகுமாம். கழுவினோம். துளை உள்பக்கம் வழவழப்பாக வந்தது, கோடே இல்லை. வாய் மட்டும் அகலம்.

"கொழாப் பூச்சு எப்பிடியிருக்குது?" என்று சம்பத் சார் கேட்டார்.

"பாத்தனுங் சார். புதுசாட்ட மின்னுதுங்" என்றார் தனபால் அண்ணன்.

சாயங்காலம் ஒரு வேன் வந்தது. விஜயதசமியன்று அளக்காமலே அனுப்பிய நாசில் எல்லாவற்றையும் தறிக் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. சம்பத் சார் சத்தம் போடவில்லை. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தார்.

"தனபாலு, அடுத்த வெள்ளிக்குள்ள ஓட்டை நேரானாச் செரி. இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீ என்னமோ பண்ணீருக்கற. என்னன்னு உனக்குத்தான் தெரியும்."

"நா ஒண்ணும் பண்ணலீங் சார்."

"அப்ப மிசினு தானாக் கெட்டுப்போச்சா?"

இவரையும் நம்பவில்லை.

தனபால் அண்ணனின் சாப்பாட்டு டப்பாவில் மத்தியானமே ஒரு ரப்பர் பல்லியை வைத்திருந்தேன். சாயங்காலம்தான் திறந்தார். பல்லியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தின்றார். என்னைத் திட்டுவார் என்று நின்று பார்த்தேன். திட்டவில்லை.

அக்டோபர் 19, சனி

மல்டிமீட்டர் கத்தியது.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். அரைக்கீரை ஆய்ந்தேன். அம்மா கத்தரிப்பூச் சேலைக்கு ஓரம் அடிக்கத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். ரவிக்கைத் துணி அதே நிறத்தில் கிடைக்கவில்லையாம். கொஞ்சம் வெளுத்தது வாங்கியிருக்கிறாள். "பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். ஆமாம், தெரியாது என்றேன்.

சரி, எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் மல்டிமீட்டரை வைத்துச் சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு முனையைக் குழாயின் நுனியிலும் இன்னொன்றை அதன் விலாவிலும் வைத்தேன். கத்தியது. விலாவில் பூச்சு இருந்தால் கத்தக் கூடாது. அடுத்த குழாய். கத்தியது. தட்டிலிருந்த எல்லாக் குழாய்களும் கத்தின. எந்திரத்தின் இழுப்பறையில் நுனி வளைந்துபோன ஒன்று வெகுநாளாகக் கிடக்கிறது. அது மேசைமேல் இல்லாததால் பூஜைக்கு வரவில்லை. மங்கலாக, அழுக்கு மஞ்சளாக இருக்கும். அதன் விலாவில் வைத்தேன். ஊமை.

பூச்சு போய்விட்டது. பூச்சில்லாத குழாய் உள்ளே இறங்க இறங்க, அதன் விலா மேல்வாயைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் கடிக்க நேரமில்லை. அதனால்தான் மேலே அகலம், கீழே சரி. இவ்வளவுதான். வோல்டேஜும் இல்லை, உப்பும் இல்லை, சூடும் இல்லை. தனபால் அண்ணனும் இல்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் பத்தாம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். "தோலாட்ட உரிஞ்சு வருது பாரு." என் கையெழுத்துதான். அதற்குக் கீழே "உரிங்க, உரிங்க" என்றும் நான்தான் எழுதியிருக்கிறேன். எந்தக் குழாய்க்கு நகப்பூச்சு என்று நானே பெயர் வைத்தேனோ அதே குழாய்.

பூச்சு போயிற்று என்று சொன்னால் எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள். கேட்கக்கூட வேண்டாம். தேய்த்தது யார் என்று கம்பெனிக்கே தெரியும். சேலை கொடுத்துக் கை தட்டியிருக்கிறார்கள்.

அம்மா அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள். சிலேடை ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

சம்பத் சார் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், புதுக் கொழா வாங்கிப் போட்டுப் பாக்கலாமுங்களா?"

"பெங்களூர்லருந்து வரோணும். இது நல்லாத்தான இருக்குது? எப்பிடி மின்னுது பாரு."

"மின்னறது இல்லீங் சார்..."

"பின்ன?"

என் வாய் அகன்றதுதான் மிச்சம். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். "கால எடு அம்மிணி" என்றாள். எடுத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

பெட்டிக் கடையில் நிறமில்லாத நகப்பூச்சு வாங்கிப்போய், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு குழாய்க்கு நுனியை விட்டுவிட்டுப் பூசினேன். ஊதி ஊதிக் காயவைத்தேன். மல்டிமீட்டர் கத்தவில்லை. எந்திரத்தில் அதை நானே மாட்டிவைத்தேன்.

முதல் துளை. தனபால் அண்ணன் நோ-கோவை வைத்தார். போகவில்லை. மறுபடி வைத்தார். போகவில்லை. "வந்துருச்சு" என்றார், சத்தமில்லாமல். குச்சியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் வைத்துப் பார்த்தார். முதல்முதல் அளந்த நாளுக்கு அப்புறம் அவர் பல் தெரிந்தது இன்றுதான்.

இரண்டாவது துளையின் நடுவில் நகப்பூச்சு செதிலாக உரிந்தது. செதில் இடுக்கில் மாட்டித் தண்ணீரை அடைத்தது. தண்ணீர் வராத இடத்தில் குழாய் எஃகில் முட்டியது. கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வெடி. குழாய் நுனி உருகி மொட்டையானது, நாசில் கறுத்தது.

சம்பத் சார் ஓடி வந்தார். கையை அலசிக்கொண்டே வந்த தனபால் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "வேகத்த ஏத்துனயா? நாளாச்சுன்னு அவசரப்பட்டு ஏத்துனயா?"

"இல்லீங் சார்."

"நாளைக்கழிச்சு வந்து கணக்கை முடிச்சுக்க. வெள்ளிக்கெழமை வரைக்கும் எதுக்கு."

நான் வாயைத் திறந்தேன். அம்மா வாளியில் தண்ணீரோடு வந்து, சிந்தியிருந்த கறுப்புத் தண்ணீரை அந்த இடத்திலேயே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 23, புதன்

காலையில் வேலை தொடங்குவதற்கு முன் அம்மா ஒரு கை உப்பையும் மிளகாயையும் எடுத்து, எந்திரத்துக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். "எவ கண்ணு பட்டுச்சோ. அன்னிக்குத் தங்கமாட்ட மின்னுச்சு. பாத்தவிய எல்லாம் வாயப் பொளந்தாங்க" என்றாள்.

தனபால் அண்ணன் தன் டப்பா, சட்டை, முருகன் படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரையும் நிற்கவைத்துச் சுற்றினாள்.

"போச்சாது போ தம்பி, கவலப்படாத. உன்ற மேல தப்பில்லீன்னா எங்கிருந்தாலும் தெரியும்."

"தெரியோணுமுங்க்கா" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா சாப்பிடவில்லை. "அவன் பொண்டாட்டிக்கு என்னன்னு சொல்லுவான்" என்றாள். அப்புறம் என்னைக் கேட்டாள்: "நீ படிக்கறயல்ல. உனக்குத் தெரியலியா, எதனாலன்னு?"

தெரியலை என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

சம்பத் சார் அறை. தனபால் அண்ணன் பையோடு நின்றார். நான் கதவைத் தட்டாமலே போனேன். தட்டினால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

"சார், கொழாயில பூச்சை நாந்தான் சொரண்டுனேன். எமரி ஷீட்டுல, உப்புத் தாளுல. விஜயதசமியன்னிக்கு. வெளையாட்டுக்கு."

குழாய்த் தட்டை அவர் மேசையில் வைத்தேன். மல்டிமீட்டரை நீட்டினேன். சம்பத் சார் ஒரு குழாயை எடுத்து விலாவில் வைத்தார். கத்தியது. இன்னொன்று. கத்தியது.

"சத்தியமாவா" என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குங்குமம் கொட்டினாயா என்று அன்றைக்கு எத்தனை கேள்வி. ரப்பர் பல்லி, ஊறுகாய்ச் சீட்டு, பூசணிக்காய் மீசை எல்லாம் இத்தனை நாளாக இந்த ஒரு பொய்க்குச் சாட்சி சேர்த்துவைத்திருக்கின்றன.

தனபால் அண்ணன் மேசையிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி, நகத்தால் அதன் நீளத்துக்கும் தடவினார்.

"எமரியில தேச்சாக் கோடு விழுகும் அம்மிணி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

குழாயில் கோடு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. புளியும் நாரும் மாவாக இடித்த செங்கல் தூளும் கோடு போடாது.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கதவுக்கு வெளியே பார்த்தார். வெளியே துடைப்பம் தரையில் உரசும் சத்தம். மேசைமேல் கிடப்பதை எல்லாம் தேய்க்கச் சொன்னது யார் என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது.

"என்ன தனபாலு, எமரிதானா?" என்றார் சம்பத் சார்.

தனபால் அண்ணன் குழாயைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"ஆமாங் சார். கோடு தெரியுதுங்."

அம்மாவைக் கூப்பிட்டார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள். சம்பத் சார் சொன்னதை அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

"கொழாயிங்களா? நா தேச்சு வெச்சப்ப நல்லா இருந்துச்சுங்களே சார்."

நான் குழாய்த் தட்டையே பார்த்தேன்.

"அதைத்தான் உன்ற மக கெடுத்து வெச்சுட்டா" என்றார் அவர். "உன்ற மொகத்துக்காகத்தான் இவள உள்ள விட்டேன். நாளையிலருந்து வர வேண்டாம். காலேஜுக்கு நான் எழுதிக்கறேன். தனபாலு, பையக் கொண்டுபோயி உள்ள வை."

அம்மா கை கூப்பினாள். சம்பத் சாரிடம், அப்புறம் தனபால் அண்ணனிடம். "புள்ளையச் சரியா வளக்கலீங்" என்றாள். தனபால் அண்ணன் "ஐயோ, அக்கா" என்று பின்னால் நகர்ந்தார். வேறு ஏதோ சொல்ல வந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

நேற்றுப் பேருந்தில் அம்மா வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. விளக்கை அணைக்கிற நேரத்தில்தான் பேசினாள்.

"கை நோவத் தேச்சனே, பாத்துட்டுத்தான இருந்த. சாரு எல்லாத்து முன்னாடியும் சொன்னாரே, கேட்டுட்டுத்தான இருந்த. அதைக் கொண்டுபோயி சொரண்டோணும்னு உனக்கு எப்பிடித் தோணுச்சு?"

"தெரியலைம்மா."

"ஒருத்தன் வேலை போகற வரைக்கும் பாத்துட்டு இருந்திருக்கற."

அது உண்மை. அதனால் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

தையல் கடையிலிருந்து வந்த சேலை பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கு அதைக் கட்டப்போவதில்லையாம். எந்த மூஞ்சியை வைத்துக் கட்டுவது என்கிறாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

லாரி ஓட்டிப் போயிருக்கும் அப்பா நாக்பூரிலிருந்து போன் செய்தார். லோடு ஏற்றத் தாமதமாகிறது, தீபாவளிக்கு வந்து சேர்வது சந்தேகம்.

"என்ற குழலி என்ன பண்றா? கம்பெனிக்காரங்களை அழ வெக்கறாளா?"

"நல்லாத்தான் போறா" என்றாள் அம்மா. போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சொல்லவே தெரியவில்லை அவளுக்கு.

அக்டோபர் 28, திங்கள்

கல்லூரிக்குப் போனேன். கடிதம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு கம்பெனி பார்த்து, அடுத்த பருவத்தில் மறுபடி முதலிலிருந்து பயிற்சி. துறைத் தலைவர் கேட்டார்: "குறும்பெல்லாம் ஓர் அளவோட நிறுத்தத் தெரியாதா?" பயிற்சி நாட்குறிப்பை வாங்கி, எழுதிய பக்கங்களின் குறுக்கே கோடு போட்டார். சிவப்பு மை. அந்தக் கோடு நன்றாகவே தெரிந்தது.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. அம்மா கம்பெனியிலிருந்து இனிப்புப் பெட்டியோடு வந்தாள். என்னோடு கொஞ்சம் பேசுகிறாள், வேலை சொல்கிற அளவுக்கு.

பெங்களூரிலிருந்து புதுக் குழாய்கள் வந்துவிட்டனவாம். துளைகள் நேராக விழுகின்றனவாம். நோ-கோ போகவில்லையாம். அம்மா அதை "நோக்கோ" என்று ஒரே சொல்லாகச் சொன்னாள். வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"ஆனா அந்தத் தனபாலு இருக்கறானே" என்றாள். "தீபாவளிக்குச் சுத்தம் பண்றப்ப, கொழாத் தட்டத் தேச்சு வெக்கறேன்னு எடுக்கப் போனேன். ஓடி வந்து புடுங்கிக்கிட்டான். பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டான். 'வேண்டாமுங்க்கா, நானே பாத்துக்கறேன்'ங்கறான். என்ற மூஞ்சியவே பாக்க மாட்டீங்கறான். உன்ற புத்தி எனக்கும் இருக்கும்னு நெனைக்கறான்."

"அப்பிடி இருக்காதும்மா."

"பின்ன எப்பிடி?"

இனிப்புப் பெட்டியைப் பிரித்தேன்.

பித்தளை விளக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். புளி, செங்கல் தூள், நார். வெந்நீரில் சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கினாள். நான் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையிலிருந்து நாரைப் பிடுங்கினாள்.

"சொரண்டறதுக்கும் தேய்க்கறதுக்கும் வித்தியாசம் இருக்குது. உனக்கு யாரும் சொல்லித் தரலை, அதான் இப்பிடி ஆயிருச்சு. நாந்தான் சொல்லிருக்கோணும்."

விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி, ஒரே திசையில், பிசுக்கு உரிந்து உரிந்து வரத் தேய்த்தாள். அடியிலிருந்து மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

"இங்க பாரு. இப்பிடி."

பார்த்தேன்.